ஊர் நூலகமும் சூழல் தர்மமும்

பூமி வெப்பமடைந்து வருவதைப் பற்றியும், பருவம் தவறிப் பெய்கின்ற மழையைப் பற்றியும், சென்னை மாநகரை 2015-ஆம் ஆண்டில் வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு 2019-ஆம் ஆண்டில் அதே நகரத்தை ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் வரும் குடிநீருக்காகக் காத்திருக்கச் செய்த இயற்கையின் விபரீதப் போக்கைப் பற்றியும் நாம் இன்று நிறையப் பேசுகிறோம். அவ்வாறு பேசும்போது நம் சிந்தனை தொழிற்சாலைகளின் புகையையும், சாலைகளை நிறைக்கும் வாகனங்களையும், அழிந்துபோன காடுகளையும் நாடிச் செல்வது இயல்பே. ஆனால், ஊரின் ஒரு மூலையில், பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில், இரண்டு மூன்று அலமாரிகளோடும் நாளிதழ்கள் பரப்பிய ஒரு நீண்ட மேசையோடும் இயங்குகின்ற நூலகத்தை நாடி அது செல்வதில்லை. நூலகம் அறிவை வளர்க்கும் இடம். அதற்கும் ஏரிக்கும், விதைக்கும், வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சுற்றுச்சூழலைப் பேணும் காரியத்துக்கு நம் கைவசம் ஏற்கெனவே இருக்கின்ற ஸ்தாபனங்களுள் மிகச் சிறந்தது பொது நூலகமே என்பதும், அந்தக் காரியத்துக்கு அதை நாம் இன்னும் முறையாக உபயோகித்துக்கொள்ளவில்லை என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இதற்கான காரணம் நூலகத்தின் அடிப்படைத் தத்துவத்திலேயே அடங்கியிருக்கிறது. இன்றைய சூழல் கேட்டின் வேரைத் தேடிச் சென்றால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளையும் தமக்கே உரிமையாக வாங்கி, சிறிது காலம் பயன்படுத்தி, நெடுங்காலம் வெறுமனே வைத்திருந்து, முடிவில் குப்பையில் எறிந்துவிடுகின்ற வாழ்க்கை முறையில்தான் அதன் பெரும்பகுதி ஊன்றியிருப்பது புலப்படும். பொது நூலகமோ இதற்கு நேர்மாறான கொள்கையின் மேல் கட்டப்பட்டது. நாற்பது பேர் ஒரு நூலை நாற்பது பிரதிகளாக வாங்கி, ஒருமுறை படித்துவிட்டு, வீட்டில் அடுக்கிவைப்பதற்குப் பதிலாக, ஒரே பிரதி நாற்பது கைகளுக்குச் சென்று, நாற்பது உள்ளங்களுக்கு விருந்தளித்துவிட்டு, நாற்பத்தோராவது வாசகருக்காக மீண்டும் தன் இடத்தில் வந்து அமருகிறது. மரமும், நீரும், மின்சாரமும், போக்குவரத்தும் இதனால் மிச்சமாகின்றன என்பது ஒருபுறமிருக்க, உடைமை இல்லாமலே பயன் பெற முடியும் என்கிற பாடத்தை நூலகம் தன் உறுப்பினர்களுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லாமலே கற்பிக்கிறது. பொருள் நுகர்வால் திணறுகின்ற இக்காலத்துக்கு இதைவிட அவசியமான பாடம் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, கணிதப் பேராசிரியராகப் பணிபுரிந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், நூலக இயலுக்கென ஐந்து விதிகளை வகுத்து 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கு உரியவை என்பது அவற்றுள் முதலாவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கின்ற ஓர் உயிரமைப்பு என்பது ஐந்தாவது. சேமித்துப் பூட்டிவைத்த செல்வத்தால் பயனில்லை, அது கைமாறிக் கைமாறிச் செல்லும்போதே செல்வமாகிறது என்பது முதல் விதியின் உட்பொருள். காலத்தின் தேவைக்கேற்ப நூலகம் புதிய கடமைகளை ஏற்றுத் தன்னை விஸ்தரித்துக்கொள்ள வேண்டும் என்பது ஐந்தாவது விதியின் உட்பொருள். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், சூழலைக் காக்கும் பணி நூலகத்தின் மேல் வெளியிலிருந்து சுமத்தப்படுகின்ற புதிய பாரம் அன்று என்பதும், அதன் பிறவிக் குணத்தின் இயல்பான வளர்ச்சியே என்பதும் விளங்கும்.

அத்தகைய வளர்ச்சிக்குத் தமிழ்நாட்டைப் போல அஸ்திவாரம் பலமாக அமைந்த இடங்கள் அதிகம் இல்லை. ரங்கநாதனின் நூல் வெளிவந்த அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பகுதியில், கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவரின் முயற்சியால், இரட்டை மாடு பூட்டிய வண்டியில் நூல்கள் கிராமம் கிராமமாகச் சென்றன. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. அந்தச் சட்டத்தின் பயனாக, சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி என்னும் நிரந்தர வருவாய் ஏற்பட்டு, இன்று அது சொத்துவரியில் பத்து சதவீதமாக இருக்கிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று 4,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் பொது நூலகத் துறையின்கீழ் இயங்குகின்றன. இவையன்றி, 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் வழியாகக் கிராம ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் பல இன்று பூட்டிக் கிடப்பதும், சில பழைய தளவாடங்கள் போட்டுவைக்கும் அறைகளாக மாறிவிட்டதும் வருந்தத்தக்க உண்மைகளே ஆயினும், நிலமும் சுவரும் கூரையும் நம்மிடம் இருக்கின்றன என்பதும் உண்மையே.

சூழல் காக்கும் நூலகம் என்றவுடன் பலருக்கும் முதலில் தோன்றுவது பசுமைக் கட்டடமே. தைவான் நாட்டின் தைபே நகரத்தில் பெய்த்தோ என்னும் பகுதியில் 2006-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நூலகம் பெரும்பாலும் மரத்தாலே அமைந்து, கூரையில் விழும் மழைநீரைச் சேகரித்துக் கழிவறைகளுக்குப் பயன்படுத்தி, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் தயாரித்து, அகன்ற ஜன்னல்களால் பகல் வெளிச்சத்தையே விளக்காகக் கொண்டு இயங்குகிறது. நம் சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் பசுமைக் கட்டடங்களுக்கு வழங்கப்படும் லீட் தங்கத் தரச்சான்றைப் பெற்றது. இவை பாராட்டத்தக்க முயற்சிகளே. எனினும், புதிய மாளிகைகளால் மட்டும் சூழல் காக்கப்படுவதில்லை. 1896-ஆம் ஆண்டில் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தின் உயர்ந்த மண்டபத்தைப் பார்ப்பவர்கள், குளிர்சாதனம் இல்லாத காலத்திலேயே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடங்கொடுத்துக் கட்டத் தெரிந்தவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை உணர்வார்கள். நிற்கின்ற கட்டடத்தை இடிக்காமல் செப்பனிடுவதும், அடைத்துவிட்ட ஜன்னல்களைத் திறப்பதும், மொட்டைமாடிக்கு வெள்ளை பூசுவதும், வாசலில் ஒரு வேம்போ புங்கமோ நடுவதும், 2003-ஆம் ஆண்டிலேயே இந்த மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பைத் தூர் வாரி உண்மையாகவே இயங்கச் செய்வதும், ஒரு சிற்றூர் நூலகத்தால் இந்த ஆண்டே செய்யக்கூடிய காரியங்கள்.

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்துக் கர்ப்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளின் நடுவே வைத்துப் பூச்சிகளை விலக்கும் வழக்கமும் இத்தகைய எளிய முறையே. நஞ்சு கலந்த ரசாயனத்தின் துணையின்றி நூற்றாண்டுகளைக் கடந்து பனையோலையைக் காப்பாற்றிய அந்த அறிவு, பழம்பெருமையாகப் பேசிவிட்டு மறந்துவிடத் தக்கது அன்று; வாசகரும் நூலகரும் சுவாசிக்கும் அறையில் எதைத் தெளிப்பது என்று ஒவ்வொரு கிளை நூலகமும் இன்றைக்கும் முடிவுசெய்ய வேண்டியிருப்பதால், நடைமுறைக்கு உதவுகின்ற ஞானம் அது.

கட்டடத்தைவிட முக்கியமானது, அந்தக் கட்டடத்துக்குள் எதை இரவல் கொடுக்கிறோம் என்பது. என் மனத்தில் முதலிடம் பெறுவது விதை. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரப் பொது நூலகத்தில் விதைகளை இரவல் வழங்கும் பகுதி ஒன்று தொடங்கப்பட்டது. வாசகர் விதையை எடுத்துச் சென்று, தம் தோட்டத்தில் விதைத்து, விளைந்த செடிகளில் ஒன்றிரண்டை விதைக்காக விட்டுவைத்து, அடுத்த பருவத்தில் புதிய விதையை நூலகத்துக்குத் திருப்பித் தருவார். அந்த முன்மாதிரி அந்நாட்டின் பல நூலகங்களுக்குப் பரவியது.

இந்த ஏற்பாட்டைக் கேட்டு அந்நிய தேசத்தின் புதுமை என்று நாம் வியக்க வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் சீடராகிய நெல் ஜெயராமன் 2006-ஆம் ஆண்டிலிருந்து நடத்திவந்த நெல் திருவிழாவில், வருகின்ற விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசமாக வழங்கப்பட்டது. மறு ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், குழியடிச்சான், தூயமல்லி என்று வழக்கொழியும் நிலையிலிருந்த 150-க்கும் மேற்பட்ட நெல் வகைகளை இந்த எளிய கொடுக்கல் வாங்கலின் மூலமே ஜெயராமன் மீட்டெடுத்துப் பல்லாயிரம் வயல்களுக்குப் பரப்பினார். 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் நடத்தியது ஒரு நூலகம் என்று யாரும் சொல்லவில்லை; ஆயினும், இரவல், தவணை, திருப்பித் தருதல், பெருகுதல் என்கிற நூலக தர்மம் முழுவதும் அதில் இருந்தது.

விதையை இவ்வாறு இரவலாகச் சுற்றவிடுவதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் உலகின் விதைகளை உறைபனிக் கிடங்கில் பாதுகாத்து வருகிறார்கள். பேரழிவு நேர்ந்தால் கைகொடுக்கும் கடைசிக் காப்பு அது. அதன் மதிப்பை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால், கிடங்கில் உறங்கும் விதை, கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிய நூலைப் போன்றது. வயலில் ஆண்டுதோறும் விதைக்கப்படும் விதையே அந்த மண்ணின் உவர்ப்பையும், அந்த ஊரின் வறட்சியையும், மாறிவரும் மழையின் போக்கையும் எதிர்கொண்டு தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. அன்றியும், நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் சாதாரணமாக வைத்திருக்கும் விதை சில பருவங்களுக்குள் முளைப்புத்திறனை இழந்துவிடும். அதைப் புதுப்பிக்க ஒரே வழி விதைத்து அறுப்பதுதான். ஆகையால், விதையைக் காப்பது என்பது அதைப் பலர் கையில் கொடுத்துத் திரும்பப் பெறுவதே ஆகும். இதைச் செய்யும் பழக்கமும், பதிவேடும், பொறுமையும் நூலகத்திடமே இருக்கின்றன.

ஊர்ப்புற நூலகத்தின் ஓர் அலமாரியில் அவரை, வெண்டை, கத்தரி, கீரை வகைகள், சுரை, பீர்க்கு முதலியவற்றின் நாட்டு விதைகளைச் சிறு புட்டிகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, விதை தந்தவர் யார், எந்தப் பட்டத்தில் விதைத்தது, எத்தகைய மண், எத்தனை நாளில் காய்த்தது என்னும் விவரங்களைப் பதிந்துவைத்தால், அந்த அலமாரியே அந்த ஊரின் வேளாண் சரித்திரமாகிவிடும். பொருள்களை வகைப்படுத்துவதும் அட்டவணையிடுவதும் நூலகர் பயின்ற கலை. சுரை, பீர்க்கு, பூசணி ஆகிய ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ரகங்கள் தமக்குள் எளிதில் கலந்துவிடும் என்பதால் அந்த ரகங்களைத் தள்ளித் தள்ளிப் பயிரிட வேண்டும் என்பது போன்ற நுட்பங்களை ஊரிலுள்ள மூத்த விவசாயிகள், குறிப்பாக வீட்டுத் தோட்டத்தை நெடுங்காலம் பேணிவந்த தாய்மார்கள், வாசகர் வட்டக் கூட்டங்களில் எடுத்துரைக்கலாம். புத்தகம் படிக்கத் தெரியாதவர் என்பதனால் நூலகத்தின் வாசற்படி ஏறாதிருந்த ஒரு பாட்டி, அங்கே ஆசிரியராக வந்து அமர்வதற்கு இது வழிசெய்யும்.

இதற்குச் சட்டம் இடங்கொடுக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயம் அர்த்தமற்றது அன்று. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மெக்கானிக்ஸ்பர்க் நகர நூலகம் ஒன்று விதை இரவல் தொடங்கியபோது, அம்மாநில வேளாண்மைத் துறை விதைச் சட்டத்தைக் காட்டிக் குறுக்கிட்டது. அதன் விளைவாக எழுந்த விவாதம் அந்நாட்டு மாநிலங்கள் சிலவற்றின் சட்டங்களைத் திருத்தும் அளவுக்கு வளர்ந்தது. நம் நாட்டிலோ, 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், பகிர்ந்துகொள்ளவும் உழவருக்குள்ள உரிமையைத் தெளிவாக அங்கீகரிக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே அது விலக்குகிறது. பரம்பரையாக நம் வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்த அவரையையும் சுரையையும் பகிர்ந்துகொள்ள யாரும் தயங்க வேண்டியதில்லை.

விதைக்கு அடுத்தபடியாகக் கருவிகள். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979-ஆம் ஆண்டு முதலே கைக்கருவிகளை இரவல் வழங்கி வருகிறது. பின்லாந்தின் நூலகங்களில் வீட்டு உபகரணங்கள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று அளந்து பார்க்கும் மானிகளை எடுத்துச் செல்லலாம். ஹெல்சிங்கியில் 2018-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஓடி நூலகத்தில் தையல் இயந்திரத்தில் அமர்ந்து கிழிந்த உடையைத் தைத்துக்கொள்ளலாம். இதிலும் நாம் முன்னோடி இல்லாதவர்கள் அல்லர். கோவிலுக்கோ ஊருக்கோ சொந்தமான அண்டாவும் குண்டாவும் கரண்டியும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வீடு வீடாகச் சென்று திரும்பிய வழக்கம் தமிழ்க் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை இருந்தும் விருந்துகளில் அவை ஒழியாதிருப்பதற்கு, மாற்றுப் பொருள் எளிதில் கிடைக்காததும் ஒரு காரணம். இருநூறு எவர்சில்வர் தட்டுகளும் தம்ளர்களும் நூலகப் பொறுப்பில் இரவலுக்கு இருந்தால், சட்டம் சாதிக்காததைச் சௌகரியம் சாதிக்கும். ஏணி, துளையிடும் கருவி, களையெடுக்கும் கோனோவீடர், தண்ணீரின் தரம் சோதிக்கும் பெட்டி, பறவை பார்க்கும் தொலைநோக்கி என்று ஊரின் தேவைக்கேற்பப் பட்டியல் வளரலாம்.

இனி, நூலகத்துக்கே உரிய வேலை ஒன்றைச் சொல்கிறேன். மற்றவற்றையெல்லாம்விட இது இன்றியமையாதது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஏரிக்கும் வரத்துக் கால்வாயும், மதகும், கலங்கலும், ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிந்தோடும் தொடர்பும் உண்டு. ஏரி அழிவதற்கு முன்னால் அதைப் பற்றிய நினைவு அழிகிறது. நினைவு அழிந்த இடத்தில் ஆக்கிரமிப்பு சுலபமாகிறது. சென்னையின் தியாகராய நகர் 1920-களில் எழுந்தது ஒரு நீண்ட ஏரியின் பரப்பில்தான். 1976-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். அந்தத் தெருக்களில் இன்று நடமாடுகின்றவர்களுள் இதை அறிந்தவர் மிகச் சிலரே. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்த பின்னரே, 2022-ஆம் ஆண்டில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

அந்த நினைவைக் காக்கும் ஆவணங்கள் இல்லாமல் இல்லை. ஆங்கிலேய அதிகாரிகளாகிய நெல்சன் 1868-ஆம் ஆண்டில் எழுதிய மதுரை மாவட்ட விவரநூலும், நிக்கல்சன் 1887-ஆம் ஆண்டில் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்ட விவரநூலும் நம் பெரிய நூலகங்களில் இருக்கின்றன. பாசனத்தில் எந்த மதகை எப்போது திறப்பது, யாருக்கு எந்த முறையில் நீர் விடுவது என்னும் வழக்காறுகளைப் பதிந்துவைத்த மாமூல் நாமாக்கள் அரசாங்க அலுவலகங்களில் இருந்தன. ஊர் நில வரைபடமும் அ-பதிவேடும் இன்றும் வருவாய்த் துறையிடம் உள்ளன. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, அந்த ஊரின் தாவரங்களையும் விலங்குகளையும் அவை பற்றிய பாரம்பரிய அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று விதிக்கிறது. இவற்றின் பிரதிகளெல்லாம் அந்தந்த ஊர் நூலகத்தில், யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு தனி அலமாரியில், ஏன் இருக்கக் கூடாது? கால்வாயின் அகலம் என்ன என்று கேட்பதற்காக ஒரு குடியானவர் தாலுகா அலுவலகத்தின் படிகளைப் பல முறை ஏறி இறங்க வேண்டிய நிலைமை நீங்கி, தம் ஊர் நூலகத்திலேயே அதைப் பார்த்துக் கிராம சபையில் எழுந்து நின்று பேச முடியுமானால், ஏரிகளைக் காக்க அதைவிடப் பலமான கரை வேறு வேண்டியதில்லை.

பழைய ஆவணங்களைக் காப்பதோடு நில்லாமல், புதிய ஆவணத்தையும் நூலகம் உண்டாக்கலாம். வாசலில் ஒரு மழைமானி நிறுத்தி, வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து, மில்லிமீட்டரில் கரும்பலகையில் எழுதி, பதிவேட்டிலும் ஏற்றி, பொதுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து அதற்குப் பக்கத்தில் குறித்துவைத்தால், பத்தாண்டுகளில் அந்த ஊர் தன் மழையையும் தன் நிலத்தடி நீரையும் தானே அறிந்த ஊராகிவிடும். பள்ளி மாணவர்கள் முறை வைத்துச் செய்வதற்கு ஏற்ற வேலை இது. எந்தப் பயிர் இடுவது, எத்தனை ஆழ்துளைக் கிணறுகளுக்கு இடங்கொடுப்பது என்னும் வினாக்களுக்கு ஊகத்தைக் கொண்டு விடை சொல்வதற்கும் பதிவேட்டைக் கொண்டு விடை சொல்வதற்கும் உள்ள வித்தியாசம், பின்வரும் சந்ததியின் வாழ்வுக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசமாகும்.

வெயில் கொடுமையையும் நாம் மறப்பதற்கில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 1995-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் வீசிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் தனித்து வாழ்ந்த முதியவர்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க், அக்கம்பக்கத்தார் சந்தித்துப் பழகுகின்ற பொது இடங்கள் உயிருடன் இருந்த பகுதிகளில் மரணம் குறைந்தது என்று கண்டு, பிற்காலத்தில் நூலகங்கள் முதலிய பொது இடங்களின் சமுதாயப் பயனைப் பற்றித் தனி நூலே எழுதினார். பார்சிலோனா நகரம் தன் நூலகங்களையும் சேர்த்து வெயிலுக்கு ஒதுங்கும் நிழலிடங்களின் வரிசையை அமைத்திருக்கிறது. ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் நண்பகலைக் கழிக்க வேண்டியிருக்கும் நம் முதியவர்களுக்கும், கட்டட வேலை செய்வோருக்கும், சித்திரை வைகாசி மாதங்களில் ஒரு நிழலான கூடமும், மண்பானைத் தண்ணீரும், மின்விசிறியும் நூலகத்தில் கிடைக்கலாம். ஆனால், பகுதி நேர நூலகங்கள் நாளொன்றுக்குச் சில மணி நேரமே திறந்திருக்கின்றன. நிழல் மிகவும் தேவைப்படும் வேளையில் கதவு மூடியிருக்கும். கோடைக்கால மூன்று மாதங்களாவது அந்த வேளையை மாற்றியமைப்பது பெரிய பிரயத்தனம் அன்று.

இவ்வளவும் சொன்னதனால் படிப்பை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டதாக எவரும் நினைக்க வேண்டாம். இயற்கையை அறியாதவன் அதை நேசிக்க மாட்டான். நேசிக்காதவன் காக்க மாட்டான். மா. கிருஷ்ணன், தியடோர் பாஸ்கரன் போன்றோர் தமிழில் காட்டுயிர்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளும், பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும், சூழலைப் பற்றிச் சிறு பதிப்பகங்கள் வெளியிட்டுவரும் நூல்களும் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் எளிதில் கைக்கெட்டும் தட்டில் இருக்க வேண்டும். தன் ஊர் வேப்பமரத்தில் கூடு கட்டும் பறவையின் பெயரைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்த சிறுவன், அந்த மரத்தை வெட்ட வருவோரிடம் கேள்வி கேட்கிற மனிதனாக வளர்வான்.

மறுப்புகள் எழாமல் இரா. எல்லாருடைய கையிலும் கைபேசி வந்துவிட்ட பிறகு நூலகம் எதற்கு என்பது ஒன்று. கைபேசி தகவலைத் தரும். விதையையும், நிழலையும், பக்கத்து வீட்டாரின் சகவாசத்தையும் தராது. நூலகர்களுக்கு இருக்கும் வேலையே அதிகம், இதையும் சுமத்துவது நியாயமா என்பது மற்றொன்று. இந்த மறுப்பு நியாயமானது. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். காலியிடங்களை நிரப்பாமலும், ஊர்ப்புற நூலகர்களுக்கு மதிப்பான ஊதியம் அளிக்காமலும், புதிய திட்டங்களை மட்டும் அறிவிப்பது அநீதி. ஆகவே, முதற்படி, பூட்டிய நூலகங்களைத் திறப்பதும் அவற்றில் நூலகரை நியமிப்பதுமே. மக்கள் செலுத்தும் நூலக வரி உள்ளாட்சிகளிலிருந்து நூலக ஆணைக்குழுக்களுக்குக் காலதாமதமின்றி முழுமையாகப் போய்ச் சேருமானால், இதற்கான பொருள் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கும். விதை அலமாரிக்கு வேளாண்மைத் துறையும், மழைமானிக்கும் நீர் சோதனைக்கும் ஊராட்சியும், பாத்திரங்களுக்கு ஊரிலுள்ள புரவலர்களும் துணைநின்றால், நூலகர் தனித்துச் சுமக்க வேண்டியது மிகக் குறைவே.

அரசாங்க ஆணை வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஆண்டில் ஆறு முறை கூடுகின்ற கிராம சபை, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-ஆம் தேதியிலும் கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு வருகின்ற ஒவ்வொரு குடிமகனும், குடிமகளும், தம் ஊர் நூலகம் திறந்திருக்க வேண்டும், ஏரியின் வரைபடமும் பல்லுயிர்ப் பதிவேடும் அதில் வைக்கப்பட வேண்டும், ஆடிப் பட்டத்துக்கு முன்னால் ஒரு விதை அலமாரி அமைய வேண்டும் என்னும் மூன்று தீர்மானங்களை எழுதிக் கொடுத்து நிறைவேற்றக் கோரலாம். வரி கட்டுகிறவர்களாகிய நமக்கு அதற்கு உரிமை உண்டு. நமக்கு முந்தியவர்கள் மாட்டுவண்டியில் அறிவை ஏற்றி அனுப்பிச் சட்டமும் வரியும் கட்டடமும் சமைத்துத் தந்திருக்கும்போது, பொதுவில் வைத்துப் பயன்கொள்ளும் அந்தப் பண்பை நூலிலிருந்து நீருக்கும் நிலத்துக்கும் விதைக்கும் விரிப்பது நம் தலைமுறை செலுத்தியே தீர வேண்டிய கடன்.